பச்சை ஒட்டுப் போட்ட சட்டை

உங்கள் முதுகை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

கண்ணாடிக்கு முன்னால் கழுத்தைத் திருப்பினால் ஓரமாகக் கொஞ்சம் தெரியுமே, அதைக் கேட்கவில்லை. முழு முதுகு. நீங்கள் ஏதோ வேலையாக இருக்கிறீர்கள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முதுகு எப்படி இருக்கும் என்று தெரியுமா? எனக்கு என்னுடையது தெரியாது. நான் படம் எடுக்கிற ஆள். கல்யாண மேடைக்குப் பின்னால் நின்று ஊரார் முதுகையெல்லாம் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு முதுகுகளைப் பற்றித் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம். அங்கே நின்றால் கண்ணுக்கும் வானத்துக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. உப்பளம்தான். இப்போது கம்பத்தில் பக்கீர் முகம்மது பாய் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். கடைக்கு மேலேயே ஒரு அறை. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. காலையில் வெயில் மேகமலையை ஏறித் தாண்டி வருவதற்கு நேரமாகிறது. சாயங்காலம் கேரளா மலைக்குப் பின்னால் சீக்கிரம் போய்விடுகிறது. நடுவில் கிடைப்பதை வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் பாய் கடைக்கு. அதற்கு இடையில் எனக்கென்று எடுப்பதும் உண்டு. எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. போனில் வீடியோ பார்த்தும், தப்புத் தப்பாக எடுத்தும் கற்றுக்கொண்டதுதான்.

போன ஆவணியில் ஒரு மாப்பிள்ளை, பெண்ணுக்கு அவுட்டோர் எடுக்கக் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை கோட்டு மாற்றக் காருக்குப் போனார். நான் பந்தலுக்குள் சும்மா திரும்பிப் பார்த்தேன். கல்தூண்களுக்கு நடுவே கொஞ்ச தூரத்தில் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தலையில் துண்டு. சேலைக்கு மேலே ஆம்பளை முழுக்கைச் சட்டை. வலது கை மேலே ஒரு திராட்சைக் கொத்துக்குள் இருந்தது. உடம்பின் பாரம் முழுக்க இடது காலில். இலை இடுக்கு வழியாக வெயில் அவள் முதுகில் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. சட்டை முதுகில் ஒரு பச்சை ஒட்டு. இருந்த வெயில் பொட்டுகளிலேயே பெரியது சரியாக அந்த ஒட்டின் மேல் நின்றது.

ஒரே ஒரு படம் எடுத்தேன். அதற்குள் மாப்பிள்ளை கூப்பிட்டுவிட்டார்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தபோது, இதை நான்தான் எடுத்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. காட்டுவதற்கு ஆள் இல்லை. அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "யாருய்யா அது? சாப்ட்டியா?" என்று அம்மா குரல் அனுப்பினார்கள்.

பாயிடம் காட்டினேன்.

"முகத்தக் காணாமேப்பா," என்றார்.

"முகம் வேணாம் பாய். இதுல அதுதான் அழகு."

"முகம் இல்லாத போட்டோவ எவன் பாப்பான்? இந்தக் கடையில முதுகுதான் எடுப்பாக போலன்னு நெனச்சுக்கிருவாக."

ஆனாலும் கடை வாசலில் சுவர் விரிசல் விட்டு அசிங்கமாக இருந்தது. அதை மறைக்கட்டும் என்று பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு மாட்டச் சம்மதித்தார். நான் எடுத்ததில் என்னுடையது என்று வெளியே தெரிகிற மாதிரி மாட்டிய ஒரே படம் அதுதான். காலையில் கடை திறக்கும்போது முதலில் அதைத்தான் துடைப்பேன்.

தை மாதத்தில் ஒரு நாள் இரண்டு பெண்கள் கடைக்கு வந்தார்கள். பாண்டியம்மாளுக்குப் பேங்குக்குக் கொடுக்க போட்டோ எடுக்க வேண்டும். கூடவே துணைக்கு வந்தவள் சுப்புத்தாய். பாண்டியம்மாள் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சுப்புத்தாய் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாடி. இங்கன ஃபேன் ஓடுது," என்று பாண்டியம்மாள் கூப்பிட்டாள்.

"இது எங்க வீட்டுக்காரரு சட்ட."

"எது?"

"இந்தா, இதுல இருக்கே. இந்தப் பச்ச ஒட்டு நான் போட்டது. எம் பழைய ஜாக்கெட்டுத் துணி."

பாண்டியம்மாள் எழுந்து போய்ப் பார்த்தாள். "அட ஆமா. அப்ப இது நீதான்டி! ஏ ஆத்தா, கடை வாசல்லயே தொங்குற!"

"நான் இல்ல."

"பின்ன ஆரு ஓஞ் சட்டயப் போட்டுக்கிட்டு நிக்கிறா?"

"அதத்தான் நானும் கேக்குறேன்," என்று சுப்புத்தாய் என்னைப் பார்த்தாள்.

அப்போது எனக்கு இதில் என்ன பிரச்சினை என்று விளங்கவில்லை. பிறகு பாண்டியம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் அவரவர் புருசனுடைய பழைய சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொள்வார்கள். பூச்சிமருந்து நாற்றம் அடிக்கும் என்பதால் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தோட்டத்து மோட்டார் ரூமில் ஆளுக்கொரு ஆணி, அதில் மாட்டிவிட்டு வருவார்கள். தலையும் பாதி முகமும் துண்டுக்குள் இருப்பதால் தூரத்திலிருந்து ஆளைச் சட்டையை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். ஒருத்தி சட்டையை இன்னொருத்தி தொட மாட்டாள். அடுத்தவள் புருசன் சட்டையை எடுத்துப் போட்டால், அதற்கு அங்கே ஒரே அர்த்தம்தான்.

சுப்புத்தாயின் புருசன் தங்கப்பாண்டியன் அதே தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர். மோட்டார் ரூம் சாவி அவரிடம்தான் இருக்கும்.

"எம் முதுகு எனக்குத் தெரியாதா?" என்றாள் சுப்புத்தாய், வாசலில் நின்றபடியே.

"எப்பிடிடீ தெரியும்? ஒனக்கென்ன பின்னாலயும் கண்ணு இருக்கா?"

"இவ நிக்கிறதப் பாரு. ஒடம்ப எம்புட்டு நேக்கா வச்சுருக்கா. நான் இப்பிடியா நிப்பேன்? மூட்ட நிமித்தி வச்ச மாதிரியில்ல நிப்பேன்." பிறகு என்னிடம், "தம்பி, எதுக்காக இவள எடுத்தீக?"

இங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அழகா இருந்துச்சுக்கா, அதான் எடுத்தேன்," என்றேன்.

"கேட்டியாடி?" என்று பாண்டியம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். "அழகா இருந்தாளாம். அப்ப நானாவா இருக்கும்?"

பாண்டியம்மாளின் பேங்கு போட்டோவில் அவள் முகம் கவலையாக விழுந்திருந்தது.

அந்த வாரமே சுப்புத்தாய் கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் வீடு அடுத்த தெருதான். தூரமாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, தினமும் வாசலில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற தங்கப்பாண்டியனைப் பார்த்தும் பேசாமல் இருந்தாள் என்றார்கள். தோட்டத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த கிருபாவதி என்ற பெண்ணின் மேல்தான் சந்தேகம். அவள் சுப்புத்தாயின் அண்ணன் வீட்டு வாசலுக்கே வந்து, நான் அந்தச் சட்டையைத் தொட்டதில்லை என்று அழுதிருக்கிறாள். அழுததே தப்பாகப் போய்விட்டது. தப்பு இல்லாதவள் எதுக்கு அழணும் என்று கேட்டாளாம் சுப்புத்தாய். படம் எடுத்த அன்றைக்குத் தான் வேலைக்குப் போனோமா என்று சுப்புத்தாய்க்கும் நினைவில்லை. அந்தச் சமயம் ஒரு நாள் தலைவலி என்று பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டது மட்டும் நினைவிருக்கிறது. எந்த நாள் என்று தெரியவில்லை.

தங்கப்பாண்டியன் கடைக்கு வந்தார். படத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, யாரு இது?"

"தெரியலண்ணே."

"நீங்கதான எடுத்தீக?"

"ஆமா."

"கண்ணால பாத்துத்தான எடுத்தீக?"

"பாத்தேன். இலை இடுக்குல வெயில் விழுந்து நின்னதப் பாத்தேன்."

அவர் பாயைப் பார்த்தார். "என்ன பாய், வெயிலப் பாத்தாராமே. ஆளப் பாக்கலையாமே."

"அவன் அப்பிடித்தான்ப்பா," என்றார் பாய். "சோறு போட்டா தட்டு என்னமா மின்னுதுங்குறவன். இவனக் கேட்டா வெளங்குமா? நீ ஒம் பொண்டாட்டியா இல்லையான்னு பாத்துச் சொல்லு. நீ கட்டுனவன்தான?"

தங்கப்பாண்டியன் வாசல் பக்கம் பார்த்தார். பாய் டீ சொல்ல வெளியே போனதும் என் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார்.

"தம்பி, இத யார்ட்டயும் சொல்லாதீக. எனக்கே தெரியல."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அவதான்னு நெனச்சுப் பாத்தா அவ மாதிரி இருக்கு. இல்லன்னு நெனச்சா வேற ஆளு மாதிரி இருக்கு. அவ முதுக நான் எங்கன பாத்தேன்? எங்க போனாலும் நான் முன்னால போவேன், அவ பின்னால வருவா. கல்யாணத்துலருந்து அப்பிடித்தான்."

"கிருபாவதி..."

"அந்தப் பிள்ள எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசும். மோட்டார் போடுங்கண்ணே, நிப்பாட்டுங்கண்ணே. அம்புட்டுத்தான். சாமி சத்தியம்." பிறகு திரும்பவும் வாசல் பக்கம் பார்த்தார். "சுப்பு இப்பிடி நிப்பாளா? நின்னா நான் பாத்திருக்க மாட்டனா?"

அவர் போனபிறகு நான் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்தேன். வளையல் தெரிகிறதா பார்த்தேன், முழுக்கை மறைத்திருந்தது. காது துண்டுக்குள் இருந்தது. பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்க ஆள் போய்விட்டாள். கட்டம் கட்டமாக நிறம்தான் இருந்தது. அத்தனை நாள் தினமும் துடைத்த படம். அதில் இருப்பது யார் என்று ஒரு நாளும் நான் கேட்டுக்கொண்டதில்லை. அம்மா கேட்டார்கள். நான் சாப்ட்டேன்மா என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

பாய்தான் வழி சொன்னார். "திரும்ப எடுத்துரு. அதே சட்ட, அதே எடம். சுப்புத்தாயவே நிப்பாட்டி எடு. ரெண்டயும் பக்கத்துல வச்சுப் பாத்தா சோலி முடிஞ்சது."

எனக்கும் சரியென்று பட்டது. பாண்டியம்மாள் பேசிச் சம்மதிக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் பிடித்துப் போனேன்.

தோட்டத்துக்குள் போனதும் எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. கவாத்து வெட்டியிருந்தார்கள். இலை ஒன்றுகூட இல்லை. கம்பியும் காய்ந்த கொடியும்தான். வெயில் ஒட்டுமொத்தமாகத் தரையில் விழுந்து கிடந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இதே முதலாளியின் இன்னொரு பந்தல் தழைத்துக் காய் பிடித்திருந்தது. அங்கே போனோம். இலை வேறு, இடுக்கு வேறு, தூண்களுக்கு நடுவே இடைவெளி வேறு. சொன்னால் யாருக்கும் புரியாது என்று சொல்லவில்லை.

சுப்புத்தாய் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, கனகாம்பரம் வைத்து, முகத்துக்குப் பவுடர் போட்டு வந்திருந்தாள்.

"முதுகத்தான எடுக்கப் போறாக, மூஞ்சிக்கு எதுக்குடி பவுடரு?" என்றாள் பாண்டியம்மாள்.

"போட்டோன்னா போட்டோதான?"

"அப்ப முதுகுக்கும் கொஞ்சம் அப்பிட்டு வந்திருக்கலாம்ல."

தங்கப்பாண்டியன் சிரித்தார். சுப்புத்தாய் அவர் பக்கம் திரும்பாமலே, "யாரும் இங்கன சிரிக்க வேணாம்," என்றாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

சட்டையை ஆணியிலிருந்து எடுத்து வந்து போட்டுக்கொண்டாள். பூவுக்கு மேலே துண்டு கட்டினாள். கையைத் தூக்கச் சொன்னேன். பஸ்ஸை நிறுத்துகிற மாதிரித் தூக்கினாள். இடது காலில் பாரத்தைப் போடுங்கள் என்றேன். ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். இயல்பாக நில்லுங்கள் என்றேன். "நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்," என்றாள். நிறைய எடுத்தேன். பிறகு கேமராத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"இந்தா, இதுதான் நான்," என்றாள். "பாத்தியாடி? மூட்ட. நான் அப்பவே சொன்னேன்ல? அது வேற ஆளு."

பாண்டியம்மாள் இரண்டு மூன்று தடவை குனிந்து குனிந்து பார்த்தாள்.

"இப்ப என்ன சொல்றீக?" என்று சுப்புத்தாய் புருசனைக் கேட்டாள். அண்ணன் வீட்டுக்குப் போனதிலிருந்து அவரிடம் பேசிய முதல் பேச்சு. அவர் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

எனக்கும் அது வேறு ஆள் என்றே தோன்ற ஆரம்பித்தது. கல்யாணத்தில் எத்தனையோ பேரை இயல்பாக நிற்கச் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் நின்றதில்லை. அதனால் இப்படி விழுந்திருக்கலாம். இல்லாவிட்டால் அன்றைக்கு நின்றது நிஜமாகவே வேறு ஒருத்தியாக இருக்கலாம். எதை வைத்து முடிவு செய்வது? சண்டையைத் தீர்க்கப் போன நான், அவள் சந்தேகத்தை நிரூபித்துக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். சுப்புத்தாய் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"சாவிய இடுப்புல தொங்கவிட்டாப் போதுமா? எவ வாரா எவ போறான்னு பாக்க வேணாம்? எஞ் சட்டய எவ எடுத்தான்னு கேட்டா, தெரியாதாம். தெரியாதாம்ல!"

திட்டும்போதே அவள் கண் மேலே போனது. ஒரு கொத்தில் இரண்டு பழம் அழுகியிருந்தது. பேச்சை நிறுத்தாமல் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். வலது கை கொத்துக்குள் போனது. நகத்தால் அழுகலை மட்டும் கிள்ளினாள், பக்கத்துப் பழத்தில் நகம் படாமல். உடம்பு தானாக இடது காலுக்குப் போனது. தோள் தணிந்தது.

கேமரா பைக்குள் இருந்தது. ஜிப்பைத் திறந்திருக்கலாம், நேரம் இருந்தது. நான் திறக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெயில் எங்கே விழுகிறது என்று பார்க்காமல், இது யார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகலைக் கீழே போட்டாள், கையைச் சட்டையில் துடைத்தாள், திரும்பினாள். மறுபடி மூட்டை.

"அக்கா, அது நீங்கதான்," என்றேன்.

"எது?"

"படத்துல இருக்கது. இப்ப நின்னீங்க. அப்படியே."

"எடுத்தீகளா?"

"இல்ல."

பாண்டியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கெட்டுது போ! இம்புட்டு நேரம் சும்மா சும்மா அமுக்குனீக, அத எடுக்கலையா?"

தங்கப்பாண்டியனைப் பார்த்தேன். அவர் மோட்டார் ரூம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பார்க்கவில்லை.

சுப்புத்தாய் என் கிட்டே வந்தாள். "சத்தியமா பாத்தீகளா தம்பி?"

"பாத்தேங்க்கா."

"வெயிலப் பாத்தீகளா, என்னயப் பாத்தீகளா?"

"உங்களத்தான்."

மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, "அம்புட்டு அழகாவா நின்னேன்?" என்றாள்.

"ஆமாக்கா."

சட்டையைக் கழற்றி உதறி, அவளே கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. அழுகல் கிள்ளுகிற எந்தப் பெண்ணும் அப்படித்தானே நிற்பாள்? அந்த வேலைக்கு உடம்பு அப்படித்தானே போகும்? கிருபாவதி கிள்ளினாலும் அவளும் இடது காலில்தானே நிற்பாள்? நான் பார்த்தது சுப்புத்தாயையா, அந்த வேலையையா? சத்தியம் பண்ணியாகிவிட்டது. பொய் சொன்னேனா என்று தெரியவில்லை. உண்மை சொன்னேனா என்றும் தெரியவில்லை. பாயிடம் சொன்னேன். "ரெண்டுல எதுன்னாலும் இனிமே வாயத் தொறக்காத," என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே சுப்புத்தாய் பாண்டியம்மாளோடு கடைக்கு வந்தாள். வாசலில் நின்று படத்தைப் பார்த்தாள்.

"தம்பி, இதக் குடுப்பீகளா?"

பாய் என்னைப் பார்த்தார். கடை அவருடையது, படம் என்னுடையது என்று அவர் ஒத்துக்கொண்டது அந்தப் பார்வையில்தான். நான் ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். பின்னால் விரிசல் அப்படியே இருந்தது, கொஞ்சம் நீண்டும் இருந்தது.

"இம்புட்டுப் பெருச அங்கன எங்க மாட்டுவ?" என்று பாய் கேட்டார்.

"எடமா இல்ல?" என்றாள்.

படத்தைத் துண்டால் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். நான் கடைப்படியில் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. கூட்டத்தில் அந்த முதுகும் மற்ற முதுகுகளும் ஒன்று போலத்தான் இருந்தன.

மறுநாள் காலை சுப்புத்தாய் தன் வீட்டிலிருந்தே தோட்டத்து வேலைக்குப் போனாள் என்று பாண்டியம்மாள் சொன்னாள். படத்தை டிவிக்கு மேலே மாட்டியிருந்தாளாம். அது யார் என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், தெரியவில்லை என்று சொன்னாளாம்.